மாரியில் குஞ்சுக் கூட்டுக்கு எப்போது சூடு கொடுக்கத் தொடங்குவது? புதிதாகக் கோழி வளர்ப்போருக்கான செய்முறை விளக்கம்

மட்டக்களப்பிலும் அம்பாறையின் கரையோர ஊர்களிலும் மனிதர் குடியிருக்கும் வீட்டைச் சூடாக்க வேண்டிய தேவை எக்காலத்திலும் வருவதில்லை. ஆனால் நம் வளவிலுள்ள இன்னொரு வீட்டுக்கு அந்தத் தேவை ஆண்டுதோறும் வருகிறது. ஒருநாட் குஞ்சுகளை விட்டு வளர்க்கும் கூட்டைத்தான் குறிப்பிடுகிறேன். ஐப்பசி கடைசியில் வாடைக்காற்று எழுந்து, கார்த்திகையிலும் மார்கழியிலும் மழை விடாது பெய்யும் காலத்தில், புதிதாகக் கோழி வளர்க்கத் தொடங்கியவர்கள் கேட்கும் முதற்கேள்வி, கூட்டுக்குள் மின்குமிழை எப்போது போட வேண்டும் என்பதாகும். குஞ்சுகள் ஒடுங்கத் தொடங்கிய பிறகு போடலாம் என்று பலர் காத்திருக்கிறார்கள். அவ்வாறு காத்திருப்பது பெருந்தவறு. குளிர்பட்ட குஞ்சு அன்றிரவே இறப்பதில்லை. இரை எடுக்காமல் சோர்ந்து, நாலாம் ஐந்தாம் நாளில் ஒவ்வொன்றாக விழும். அப்போது நோய் வந்துவிட்டதென்று நினைத்து மருந்து தேடுவோம். உண்மையில் காரணம், குஞ்சு வந்த முதலிரவில் கூடு சூடாக இல்லாததே.

தாய்க்கோழியோடு திரியும் நாட்டுக்கோழிக் குஞ்சுகளுக்கு இந்த விளக்கம் தேவைப்படாது. அவற்றுக்குச் சூடு கொடுக்கும் பொறுப்பைத் தாய் ஏற்றுக்கொள்ளும். நாம் செய்ய வேண்டியது நனையாத இடமொன்றைக் கொடுப்பது மட்டுமே. பொரிப்பகத்திலிருந்து பெட்டியில் வரும் முட்டைக்கோழி, இறைச்சிக்கோழிக் குஞ்சுகளுக்காகவே இதை எழுதுகிறேன். பல வீடுகளில் ஐம்பது குஞ்சுகள் என்பது ஒரு குடும்பத்தின் முழு முதலாக இருக்கிறது. ஆகவே இங்குள்ள கணக்குகள் ஐம்பது குஞ்சுகளுக்கு உரியவை.

படி 1: எவ்வளவு சூடு வேண்டும் என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள்

முட்டையிலிருந்து வெளிவந்த குஞ்சின் உடலில் இருப்பது மெல்லிய பஞ்சு மயிரே; இறகு அன்று. தன் உடற்சூட்டைத் தானே காத்துக்கொள்ளும் திறன் அதற்கு முதல் இரண்டு வாரங்களில் சிறிது சிறிதாகவே அமைகிறது. அதுவரை சுற்றியுள்ள காற்றும் தரையும் எவ்வளவு சூடாக இருக்கின்றனவோ, அதைப் பொறுத்தே அதன் உடலும் இருக்கும்.

முதல் வாரத்தில் குஞ்சின் முதுகு மட்டத்தில் 32 முதல் 35 பாகை செல்சியஸ் வரை வெப்பம் இருக்க வேண்டும். இரண்டாம் வாரத்தில் ஏறத்தாழ 30 பாகையும், மூன்றாம் வாரத்தில் 27 பாகையும், நான்காம் வாரத்தில் 24 பாகையும் போதும். வாரத்துக்கு மூன்று பாகை அளவில் குறைத்துக்கொண்டு போகலாம் என்று நினைவில் வைத்தால் எளிது.

இந்த அளவுகளை நமது காலநிலையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். மார்கழி, தை மாத இரவுகளில் மட்டக்களப்பில் வெப்பநிலை ஏறத்தாழ 23 பாகைக்கு இறங்குகிறது. பகலிலும் ஏறத்தாழ 28 பாகைதான். நமக்கு அது இதமான குளிர்ச்சி. போர்வையை இழுத்துப் போர்த்துக்கொண்டால் நல்ல உறக்கம் வரும். முதல் வாரக் குஞ்சுக்கோ அது இரவில் ஒன்பது முதல் பன்னிரண்டு பாகை வரையான பற்றாக்குறை. கச்சான் காற்று வீசும் ஆனி, ஆடி மாதங்களில் பகல் வெப்பம் 33, 34 பாகைவரை ஏறும்போது, நண்பகலில் குமிழை அணைத்துவிட்டு இரவில் மட்டும் போட்டாலே போதும். மாரியில் அப்படியன்று. முதல் இரண்டு வாரங்களுக்குப் பகலிலும் இரவிலும் சூடு வேண்டும். ஆகவே நாட்காட்டியில் திகதி பார்த்தோ, நமக்குக் குளிர்கிறதா என்று பார்த்தோ முடிவெடுக்க முடியாது. கூட்டுக்குள் இருக்கும் வெப்பத்தையும் குஞ்சின் வயதையும் வைத்தே முடிவெடுக்க வேண்டும்.

சிறிய சுவர் வெப்பமானி ஒன்றை வாங்கி, கூட்டுக்குள் நிலத்திலிருந்து இரண்டு அங்குல உயரத்தில் கட்டிவிடுங்கள். ஆளுயரத்தில் மாட்டிய வெப்பமானி காட்டும் அளவுக்கும் குஞ்சு நிற்கும் இடத்தின் அளவுக்கும் பெரிய வேறுபாடு உண்டு.

படி 2: சூட்டுக்கு முன்பு காற்றையும் ஈரத்தையும் தடுத்துவிடுங்கள்

நான் எல்லாவற்றிலும் அதிகமாக வலியுறுத்த விரும்புவது இந்தப் படியைத்தான். ஈரமும் காற்றும் சேர்ந்தால் வெப்பநாட்டிலும் குளிர் உயிரை எடுக்கும். 2022 டிசம்பரில் மாண்டஸ் புயல் கடந்த நாட்களில் வடக்கிலும் கிழக்கிலும் திறந்த வெளியில் நின்ற மாடுகளும் ஆடுகளும் குளிர் தாங்காமல் ஏராளமாக இறந்ததை நாம் கண்டிருக்கிறோம். வளர்ந்த மாட்டையே சாய்த்த அந்தக் காற்று, கைப்பிடிக்குள் அடங்கும் குஞ்சை என்ன செய்யும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

எழுவான்கரையில் (வாவிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட பகுதியில்) கடற்பக்கம் திறந்திருக்கும் கூடுகளுக்கும், வாவிக் கரையோரம் அமைந்த கூடுகளுக்கும் வடகிழக்குப் பக்கமே ஆபத்தானது. அந்தப் பக்கத்தைக் கிடுகாலோ தறப்பாளாலோ அடித்தட்டு முதல் மூன்று, நான்கு அடி உயரம்வரை மறைத்து, மேலே ஓரடி அளவு இடைவெளி விடுங்கள். காற்று குஞ்சின் மேல் நேரே படக்கூடாது. ஆனால் கூட்டுக்குள் இருக்கும் கெட்ட காற்று மேல்வழியாக வெளியேற வேண்டும். குளிருக்குப் பயந்து நாலா பக்கமும் உரப்பையால் இறுக மூடிவிடுபவர்கள் உண்டு. அப்படி மூடினால் எச்சத்திலிருந்து எழும் அமோனியா வாயு கூட்டுக்குள்ளேயே தங்கி, குஞ்சின் கண்ணையும் சுவாசத்தையும் கெடுக்கும். நீங்கள் குனிந்து தலையை உள்ளே நீட்டும்போது கண் எரிந்தால் காற்றோட்டம் போதாது என்று பொருள்.

தரைக்கு உமியைவிடச் சிறந்த விரிப்பு நமக்குக் கிடைக்காது. படுவான்கரையிலும் (வாவிக்கு மேற்குப் பக்கம்) அம்பாறை வயற்புறங்களிலும் அரிசி ஆலைகளில் அது எளிதாகக் கிடைக்கிறது. மாரி தொடங்கும் முன்பே, வெயில் இருக்கும் நாளில் உமியை உலர்த்தி மூடையாகக் கட்டி வையுங்கள். கார்த்திகையில் தேடினால் ஈர உமிதான் கிடைக்கும். சீமெந்துத் தரையாயினும் மண்தரையாயினும் மூன்று அங்குலத் தடிப்பில் பரப்புங்கள். முதல் இரண்டு, மூன்று நாட்களுக்கு அதன்மேல் பழைய பத்திரிகைத் தாளை விரித்தால், குஞ்சுகள் உமியைக் கொத்தித் தின்னாமல் தீனை அடையாளங் காணப் பழகும். தண்ணீர்ப் பாத்திரத்தைச் சுற்றி நனையும் உமியை அன்றன்றே அகற்ற வேண்டும். ஈர உமி குஞ்சின் காலைக் குளிர வைப்பதோடு, இரத்தக் கழிச்சல் நோய்க்கும் இடமாகிறது.

படி 3: சூடு தரும் பொருளைத் தெரிவு செய்யுங்கள்

தகரத்தாலோ தடித்த காகித அட்டையாலோ ஒன்றரை அடி உயரத்தில், நான்கு அடி விட்டமுள்ள வட்டம் ஒன்றை அமையுங்கள். மூலைகள் உள்ள பெட்டியைவிட வட்டமே நல்லது. குளிரிலோ பயத்திலோ குஞ்சுகள் மூலையில் குவிந்து ஒன்றன்மேல் ஒன்று ஏறி மூச்சடைத்துச் சாவதை அது தடுக்கும்.

மின்சாரம் உள்ள வீட்டில் இழை உள்ள பழைய வகை மின்குமிழே போதுமானது. எல்ஈடிக் குமிழ் வெளிச்சம் தரும், சூடு தராது. மாரிக் காலத்தில் குஞ்சொன்றுக்கு இரண்டு வாட்ஸ் என்று கணக்கிடுங்கள். ஐம்பது குஞ்சுகளுக்கு 100 வாட்ஸ் குமிழ் ஒன்றைவிட 60 வாட்ஸ் குமிழ்கள் இரண்டைப் போடுவது மேல். ஒன்று நள்ளிரவில் எரிந்துபோனாலும் மற்றது காப்பாற்றும். குமிழ்களை நிலத்திலிருந்து ஓரடி உயரத்தில், மின்வயரில் தொங்கவிடாமல் கம்பியாலோ சங்கிலியாலோ கட்டி, உயர்த்தவும் தாழ்த்தவும் கூடியவாறு அமையுங்கள். குமிழ் உமியில் விழுந்தால் தீப்பிடிக்கும். மழைச்சாரல் படக்கூடிய இடத்தில் வயரை மூட்டிணைப்புகளோடு இழுக்க வேண்டாம். அந்த இணைப்பு வீட்டின் ட்ரிப் சுவிட்சுக்கு உட்பட்டதாகவும் இருக்க வேண்டும்.

மின்சாரம் இல்லாத கூட்டுக்குச் சிரட்டைக்கரி உதவும். கரியை வெளியில் வைத்துப் பற்றவைத்து, புகை முற்றாக அடங்கித் தணலான பின்னர், மண்சட்டியில் இட்டு, மேலே சாம்பல் தூவி, சட்டியைச் சுற்றிச் செங்கல் அடுக்கிக் கம்பிவலை போட்டு உள்ளே வையுங்கள். எரியும் கரியிலிருந்து நிறமும் மணமும் இல்லாத காபனோரொட்சைட்டு வாயு வெளிவருகிறது. மூடிய கூட்டில் அது குஞ்சுகளை மட்டுமன்று, உள்ளே இருப்பவரையும் கொல்லும். ஆகவே மேலே சொன்ன ஓரடி இடைவெளியைக் கரிச்சட்டி வைக்கும் கூட்டில் எக்காரணத்துக்காகவும் அடைக்கக்கூடாது; ஆட்கள் படுக்கும் அறையில் குஞ்சுகளை வைத்துக் கரிச்சட்டி ஏற்றவும் கூடாது.

படி 4: குஞ்சு வருவதற்கு முதல்நாளே சூட்டைத் தொடங்குங்கள்

தலைப்பிலுள்ள கேள்விக்கு என் பதில் இதுதான்: மாரியில் குஞ்சு வந்து சேர்வதற்கு 24 மணித்தியாலங்களுக்கு முன்பே குமிழைப் போட்டுவிட வேண்டும். காற்று ஒரு மணித்தியாலத்தில் சூடாகிவிடும். குளிர்ந்து ஈரமேறிய தரையும் உமியும் சூடாவதற்கு ஒரு பகலும் ஓர் இரவும் வேண்டும். குஞ்சின் உடலிலிருந்து சூட்டை முதலில் உறிஞ்சுவது அதன் காலடியிலுள்ள தரையே. இந்த ஒரு நாளுக்குச் செலவாகும் மின்சாரம் ஏறத்தாழ மூன்று அலகுகள். இரண்டு குஞ்சுகளைக் காப்பாற்றினாலும் அந்தச் செலவு வீணாகாது.

முதல்நாள் இரவு, இருட்டும்போதும் விடியற்காலை நான்கு மணியளவிலும் வெப்பமானியைப் பாருங்கள். விடியற்காலையே மிகக் குளிர்ந்த நேரம். அந்நேரத்திலும் 32 பாகை நின்றால் கூடு ஆயத்தமாகிவிட்டது. நிற்கவில்லையெனில் குமிழைச் சற்றுத் தாழ்த்துங்கள், அல்லது வட்டத்தின் மேல் பாதிக்குச் சாக்கு விரித்துச் சூட்டைத் தாங்கச் செய்யுங்கள். சாக்கு குமிழைத் தொடக்கூடாது. குடிநீரையும் முன்கூட்டியே உள்ளே வைத்து இளஞ்சூடாக்கிக்கொள்ளுங்கள். மாரிக் கிணற்று நீரை அப்படியே கொடுத்தால், நெடுந்தூரம் பெட்டிக்குள் வந்த குஞ்சு குடித்த மாத்திரத்தில் நடுங்கும்.

படி 5: குஞ்சுகளைப் பார்த்துத் திருத்துங்கள்

வெப்பமானி தொடக்கத்துக்கு வழிகாட்டும். பிறகு குஞ்சுகளே சொல்லும். அவற்றை விட்டு அரை மணித்தியாலத்தின் பின், சத்தமின்றி நின்று பாருங்கள். குமிழின் கீழ் நெருக்கியடித்து ஓயாமல் கீச்சிட்டால் குளிர் தாங்கவில்லை. குமிழை விட்டு விலகி ஓரத்தில் சிறகை விரித்து வாய்திறந்து மூச்சுவிட்டால் சூடு அதிகம். எல்லாம் ஒரே பக்கத்தில் ஒதுங்கினால் எதிர்ப்பக்கத்திலிருந்து காற்று புகுகிறது. சூட்டை மாற்றாமல் அந்த ஓட்டையைத் தேடி அடையுங்கள். வட்டம் முழுவதும் பரவி, சில தின்று, சில உறங்கி, மெல்லிய குரலில் பேசிக்கொண்டிருந்தால் எதையும் மாற்ற வேண்டாம்.

ஐயமிருந்தால் பத்துக் குஞ்சுகளைப் பிடித்து அவற்றின் பாதங்களை உங்கள் கன்னத்தில் வைத்துப் பாருங்கள். பாதம் குளிர்ந்திருந்தால் தரை போதிய சூடு ஏறவில்லை. அன்றிரவு கழுத்தின் அடியிலுள்ள இரைப்பையையும் (தீன் முதலில் சேரும் பை) தடவிப் பாருங்கள். வந்து எட்டு மணித்தியாலங்களில் பத்தில் எட்டுக் குஞ்சுகளுக்காவது இரைப்பை நிறைந்து மெதுமையாக இருக்க வேண்டும். மறுநாள் அதே நேரத்துக்குள் ஏறத்தாழ எல்லாக் குஞ்சுகளுக்கும் நிறைந்திருக்க வேண்டும். வெறுமையாக இருப்பவை பெரும்பாலும் குளிரில் ஒடுங்கித் தீன் பாத்திரத்துக்குப் போகாதவையே. பின்பக்கத்தில் எச்சம் ஒட்டிக் காய்ந்திருப்பதும் குளிர்பட்டதன் அறிகுறியாகலாம். இளஞ்சூட்டு நீரில் துணி நனைத்துத் துடைத்து, உலர்த்திவிட்டு உள்ளே விடுங்கள். சூட்டைச் சரிசெய்த பின்னும் குஞ்சுகள் தொடர்ந்து இறந்தால், உங்கள் பிரதேச அரச கால்நடை வைத்தியரிடம் தாமதிக்காமல் காட்ட வேண்டும்.

படி 6: மின்சாரம் நின்றால்

மாரியில் காற்றடிக்கும் இரவில் மின்சாரம் நிற்கும் என்றே எண்ணி ஆயத்தமாக இருங்கள். காற்றுத் துளையிட்ட அட்டைப் பெட்டிகளில் உமி பரப்பி, பெட்டிக்கு இருபத்தைந்து குஞ்சுகளாக அடக்கி வைத்தால், தம் உடற்சூட்டாலேயே சில மணித்தியாலங்கள் தாக்குப்பிடிக்கும். போத்தல்களில் சுடுநீர் நிரப்பி, இறுக மூடி, துணியால் சுற்றி நடுவே வைப்பது மேலும் உதவும். நீர் ஆற ஆற மாற்ற வேண்டும். ஆறிய போத்தல் குஞ்சின் சூட்டைத் திருப்பி உறிஞ்சும்.

படி 7: குறைத்து நிறுத்துதல்

வாரந்தோறும் குமிழை இரண்டு, மூன்று அங்குலம் உயர்த்தி வட்டத்தையும் அகலமாக்குங்கள். மூன்றாம் வாரத்தில், மழை விட்டு வெயில் எறிக்கும் பகலில் ஒரு குமிழை அணைத்துப் பாருங்கள். குஞ்சுகள் பரவியே இருந்தால் இரண்டாவதையும் அணைக்கலாம். பகற் சூட்டை முற்றாக நிறுத்திச் சில நாட்கள் கடந்த பிறகே இரவுச் சூட்டை நிறுத்துங்கள். முதுகிலும் நெஞ்சிலும் இறகு மூடியிருக்கிறதா என்று பார்ப்பது அவசியம். நான்காம் வாரத்திலும் நெஞ்சு வெறுமையாக இருக்கும் குஞ்சுகள் மாரி இரவைத் தாங்கா.

நிறுத்துவதென்று முடிவுசெய்த நாளில் வளிமண்டலவியல் திணைக்களத்தின் முன்னறிவிப்பைக் கேளுங்கள். வங்காள விரிகுடாவில் தாழமுக்கம் உருவாகியிருக்கிறதென்று சொன்னால், அது கடந்துபோகும்வரை இரவுக் குமிழை அணைக்காதீர்கள். அணைத்த பின்னரும் குமிழ்களைக் கழற்றாமல் ஐந்தாம் வாரம் முடியும்வரை அதே இடத்தில் விட்டுவையுங்கள். காற்றோடு மழை திரும்பும் இரவில், ஆளி ஒன்றைத் தட்டினால் மட்டும் போதும்.