கிராபிக்ஸ் கார்டு வாங்கும் முன் எஸ்எம்பிஎஸ் லேபிளைப் படியுங்கள்

கிராபிக்ஸ் கார்டு வாங்க நினைப்பவர்கள் விலையையும் அதன் வேகத்தையும் பார்த்தே பெரும்பாலும் முடிவெடுக்கிறார்கள். அதற்குத் தேவையான மின்சாரத்தைத் தங்கள் கணினியிலுள்ள எஸ்எம்பிஎஸ் (கணினியின் பாகங்களுக்கு மின்சாரம் தரும் பெட்டி) கொடுக்குமா என்ற கேள்வி, கார்டைப் பொருத்தி விளையாட்டைத் திறந்ததும் கணினி அணைந்துபோகும்போதுதான் எழுகிறது. எனக்கும் அப்படித்தான் நேர்ந்தது. என் பழைய எஸ்எம்பிஎஸ்ஸின் அட்டைப்பெட்டியில் 450 வாட் என்று பெரிதாக அச்சிட்டிருந்தார்கள். அதன் உடலில் ஒட்டியிருந்த லேபிளிலோ 12 வோல்ட்டுக்கு நேராக 18 ஆம்பியர் என்றுதான் இருந்தது. 12 × 18 = 216 வாட். எனக்குப் பயன்பட்டிருக்கக்கூடிய எண் அதுதான். ஆகவே, எந்தக் கார்டு என்று யோசிப்பதற்கு முன், உங்களிடம் உள்ள எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து தொடங்குங்கள்.

படி 1: 12 வோல்ட் வரிசையைக் கண்டறிதல்

கணினியை அணைத்து, மின்கம்பியைச் சுவரிலிருந்து பிடுங்கிவிட்டு, கேபினட்டின் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றுங்கள். லேபிள் மறுபுறம் திரும்பியிருந்தால், பின்புறத்திலுள்ள நான்கு திருகுகளைக் கழற்றி எஸ்எம்பிஎஸ்ஸைச் சற்று வெளியே எடுத்துப் பார்க்கலாம். ஆனால் எஸ்எம்பிஎஸ்ஸின் பெட்டியை மட்டும் எக்காரணம் கொண்டும் திறக்காதீர்கள். மின்கம்பியைப் பிடுங்கிய பின்னும் உள்ளிருக்கும் மின்தேக்கிகளில் ஆபத்தான அளவு மின்சாரம் தங்கியிருக்கக்கூடும்.

லேபிளில் 3.3 வோல்ட், 5 வோல்ட், 12 வோல்ட் என்று தனித்தனி வரிசைகள் இருக்கும். இன்றைய கணினியில் பிராசசரும் கிராபிக்ஸ் கார்டும் ஏறக்குறைய முழுக்க 12 வோல்ட்டிலிருந்தே மின்சாரம் எடுப்பதால், அந்த வரிசையின் ஆம்பியரை 12-ஆல் பெருக்குங்கள். 36 ஆம்பியர் என்றிருந்தால் 432 வாட். 450 வாட் எஸ்எம்பிஎஸ் ஒன்றுக்கு இது நல்ல எண். சில லேபிள்களில் 12 வோல்ட் இரண்டு வரிசைகளாகப் பிரிந்து, 16 ஆம்பியர், 14 ஆம்பியர் என்று தனித்தனியே இருக்கும். அவற்றைக் கூட்டி 30 என்று எடுத்துக்கொள்வது தவறு. இரண்டும் சேர்ந்து தரக்கூடிய உச்ச அளவு, அவற்றுக்குக் கீழே வாட் கணக்கில் தனியாகக் குறிப்பிடப்பட்டிருக்கும், அதையே கொள்ளுங்கள்.

இங்கே பலர் நம்பும் ஒரு தவறான கணக்கையும் திருத்த வேண்டும். 80 பிளஸ் சான்று பெற்ற 500 வாட் எஸ்எம்பிஎஸ் 400 வாட்தான் தரும் என்பார்கள். அப்படியல்ல. அது கணினிக்கு 500 வாட் தரும். அதற்காகச் சுவரிலிருந்து 500-க்கும் அதிகமாக இழுக்கும். வெப்பமாக வீணாகும் பங்கு எவ்வளவு என்பதை மட்டுமே அந்தச் சான்று சொல்கிறது.

படி 2: கார்டுக்கு மிஞ்சுவது எவ்வளவு

கோர் ஐ5 12400எஃப் பிராசசர் உள்ள கணினியை எடுத்துக்கொள்வோம். அதன் அடிப்படை அளவு 65 வாட் என்றாலும், முழு வேகத்தில் 117 வாட் வரை எடுக்க இன்டெல் அனுமதிக்கிறது. கணக்குக்கு இந்தப் பெரிய எண்ணையே எடுக்க வேண்டும். மதர்போர்டு, ராம், விசிறிகள், டிஸ்க் ஆகியவற்றுக்குச் சேர்த்து 50 வாட் ஒதுக்கினால், சுமார் 170 வாட் ஆகிறது. முதல் படியில் கண்ட 432 வாட்டில் ஐந்தில் ஒரு பங்கைத் தொடாமல் வைத்தால் கையிலிருப்பது 345. அதில் 170 போக, கார்டுக்கு 175 வாட் மிஞ்சும்.

அந்த ஐந்தில் ஒரு பங்கை ஏன் விட்டுவைக்க வேண்டும்? கார்டுகள் குறிப்பிட்ட வாட்டுக்குள் சீராக நிற்பதில்லை. நொடியின் மிகச் சிறிய பகுதியில் அதைவிட வெகுவாக உயர்ந்து இறங்குகின்றன. கணினி திடீரென்று அணைவதற்குப் பல நேரங்களில் காரணம் இந்தத் தாவல்தான். 2022-இல் வந்த ஏடிஎக்ஸ் 3.0 விதிமுறை இத்தகைய தாவல்களைத் தாங்கும்படி எஸ்எம்பிஎஸ்களை வடிவமைக்கச் சொல்கிறது. உங்களுடையது அதற்கு முந்தையது என்றால், இடைவெளி விடுவதே பாதுகாப்பு.

படி 3: கார்டைத் தேர்ந்தெடுத்தல்

இப்போது நம் 175 வாட்டுக்குள் பார்க்கலாம். ஆர்டிஎக்ஸ் 4060 எடுப்பது 115 வாட். ஆர்எக்ஸ் 6600 எடுப்பது 132 வாட். இரண்டும் தாராளமாகப் பொருந்தும். ஆர்டிஎக்ஸ் 3060-க்கு 170 வாட் தேவை. எண் இடித்துக்கொண்டு உள்ளே நுழைந்தாலும், நான் அதை வாங்கச் சொல்ல மாட்டேன். ஆர்டிஎக்ஸ் 4060-க்கு அதை உருவாக்கிய என்விடியா நிறுவனமே 550 வாட் எஸ்எம்பிஎஸ்ஸைப் பரிந்துரைக்கிறதே என்று நீங்கள் கேட்கலாம். அதிக மின்சாரம் எடுக்கும் பிராசசரும் தரம் குறைந்த எஸ்எம்பிஎஸ்ஸும் வைத்திருப்பவருக்கும் பொருந்த வேண்டும் என்பதற்காகச் சொல்லப்படும் எண் அது. தரமான, அதிகம் பழசாகாத எஸ்எம்பிஎஸ் இருந்து, கணக்கையும் நேர்மையாகப் போட்டிருந்தால், அதற்குச் சற்றுக் கீழே நிற்கலாம். எஸ்எம்பிஎஸ்ஸின் தரத்தில் ஐயம் இருந்தால் பரிந்துரையை அப்படியே பின்பற்றுங்கள்.

படி 4: இணைப்புகள்

கார்டைச் செருகும் மதர்போர்டின் ஸ்லாட் 75 வாட் வரை தரும். எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து கார்டுக்கு வரும் 6 பின் இணைப்பு மேலும் 75 வாட்டும், 8 பின் இணைப்பு 150 வாட்டும் தரும். கார்டு கேட்கும் இணைப்பு எஸ்எம்பிஎஸ்ஸிலேயே இருக்கிறதா என்று பாருங்கள். பிராசசருக்கான 8 பின் கம்பியும் பார்வைக்கு ஏறக்குறைய அப்படியே இருக்கும். ஆனால் அதில் 12 வோல்ட்டும் எர்த்தும் இடம் மாறியிருப்பதால், அதைக் கார்டில் அழுத்திச் செருக முயலக் கூடாது.

இணைப்பு இல்லையென்றால் கடையில் மாற்றுக் கம்பி தருவார்கள். டிஸ்க்குகளுக்கான சாட்டா இணைப்பிலிருந்து மாற்றும் கம்பியைத் தயவுசெய்து வாங்காதீர்கள். சாட்டாவின் 12 வோல்ட் பின்கள் மூன்றும் சேர்ந்து 4.5 ஆம்பியர், அதாவது 54 வாட் வரைதான் தாங்கும். அதில் 75 வாட்டோ 150 வாட்டோ ஓடினால் பிளாஸ்டிக் உருகும், தீயும் பிடிக்கலாம். அதேபோல், கழற்றி மாட்டும் கம்பிகளுள்ள எஸ்எம்பிஎஸ்ஸில் வேறொரு எஸ்எம்பிஎஸ்ஸின் கம்பியைச் செருகாதீர்கள். எஸ்எம்பிஎஸ் பக்கத்தின் பின் வரிசைக்குப் பொதுத் தரம் கிடையாது.

பழைய அலுவலகக் கணினி வைத்திருப்பவர்களுக்கு

2012-இல் வந்த டெல் ஆப்டிபிளெக்ஸ் 7010-இன் சிறிய பெட்டி வகையில் 240 வாட் எஸ்எம்பிஎஸ்தான் இருக்கிறது. கார்டுக்கான தனிக் கம்பியும் கிடையாது. ஸ்லாட்டின் மின்சாரத்திலேயே இயங்கும், உயரம் குறைந்த கார்டுதான் இதற்குப் பொருந்தும். 70 வாட் எடுக்கும் ஆர்டிஎக்ஸ் 3050-இன் 6 ஜிபி வகையில் அத்தகைய கார்டுகள் உண்டு; 8 ஜிபி வகைக்கு 130 வாட் வேண்டும் என்பதால் பெயரை மட்டும் பார்த்து வாங்கிவிடாதீர்கள். ஆர்எக்ஸ் 6400 எடுப்பது 53 வாட்தான் என்றாலும், அது ஸ்லாட்டின் தரவுப் பாதைகளில் நான்கை மட்டுமே பயன்படுத்துவதால் பழைய மதர்போர்டுகளில் வேகம் குறையும்.

யுபிஎஸ்

வீடுகளில் பரவலாக உள்ள 600 விஏ (வோல்ட்-ஆம்பியர்) யுபிஎஸ் பொதுவாக 360 வாட் வரைதான் தாங்கும். நம் எடுத்துக்காட்டில் ஆர்எக்ஸ் 6600-ஐப் பொருத்தினால் கணினிக்கு 302 வாட் தேவை. இழுக்கும் மின்சாரத்தில் 85 விழுக்காட்டை எஸ்எம்பிஎஸ் கணினிக்குத் தருகிறது என்றால் சுவரிலிருந்து இழுப்பது 355 வாட். மானிட்டரையும் சேர்த்தால் எல்லை தாண்டிவிடும். விளையாடிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போனால் யுபிஎஸ்ஸும் அந்நேரமே கைவிட்டுவிடும். கார்டுக்குப் பணம் ஒதுக்கும்போதே, 1000 விஏ அல்லது அதற்கு மேற்பட்ட யுபிஎஸ்ஸுக்கும் சேர்த்து ஒதுக்குங்கள். வாங்கும்போது விஏ எண்ணை விட்டுவிட்டு வாட் எண்ணைக் கேளுங்கள்.