குளிசையும் சோற்றில் உள்ள எண்ணெயும்

படர்தாமரைக்கான கிரிசியோபல்வின் குளிசையை மூன்று வாரம் விழுங்கியும் தோல் ஆறவில்லை என்று, வெள்ளாமை செய்யும் ஒருவர் மட்டக்களப்பில் நான் மருந்து கொடுக்கும் யன்னலுக்குப் போன மாரியில் வந்தார். அவர் நீட்டிய கடதாசி உறையில் ‘சாப்பாட்டுக்குப் பின்’ என்று பேனையால் எழுதியிருந்தது. என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டேன். விடியற்காலை வயலுக்கு இறங்குமுன் ஒரு பிளேன்ரீயும் இரண்டு பிஸ்கட்டும் என்றார். சொன்னதைத்தான் அவர் செய்திருக்கிறார். எந்தச் சாப்பாடு என்பதை உறை சொல்லவில்லை.

கிரிசியோபல்வின் தண்ணீரில் எளிதில் கரையாத மருந்து. கொழுப்புள்ள உணவு சிறுகுடலின் மேற்பகுதியை அடையும்போது பித்தப்பை சுருங்கிப் பித்தநீரைச் சொரிகிறது. கணையநீர் அந்தக் கொழுப்பை உடைக்க, உடைந்த கொழுப்பும் பித்த உப்புக்களும் சேர்ந்து உருவாகும் நுண்துளிகளே மருந்தைத் தம்முள் ஏற்றிக் குடற்சுவர் வரை கொண்டுசேர்க்கின்றன. கொழுப்பு வராவிட்டால் மருந்தின் கணிசமான பங்கு மலத்தோடு போய்விடும். மலேரியாவுக்கான லுமேபான்ட்ரின், கொழுப்பு மிகுந்த உணவோடு எடுக்கும்போது, வெறுவயிற்றில் சேர்வதைவிட ஏறத்தாழ 16 மடங்கு உடலில் சேர்கிறது. புழு மருந்தான அல்பென்டசோல் 5 மடங்கு வரை கூடும். ஆனால் குடற்புழுவுக்கு ஒரே தடவை கொடுக்கும் அல்பென்டசோலுக்கு இது தேவையில்லை, ஏனெனில் அது குடலுக்குள்ளேயே வேலை செய்ய வேண்டியது. மூளையிலோ ஈரலிலோ உள்ள புழுக்கட்டிக்குத்தான் அது இரத்தத்தில் ஏற வேண்டும்.

ஆகவே இத்தகைய குளிசையையும் விற்றமின் டி, ஏ போன்றவற்றையும் பகல் சோற்றோடு எடுங்கள். எண்ணெயைத் தனியாகக் குடிக்கவோ பொரியல் வாங்கவோ வேண்டாம். ஒரு மேசைக்கரண்டி எண்ணெயில் சுமார் 14 கிராம் கொழுப்பு உண்டு. தேங்காய்ப்பால் விட்ட மீன்குழம்பும் கொஞ்சம் எருமைத் தயிரும் உள்ள நம் வழமையான சாப்பாட்டிலேயே போதிய கொழுப்பு கிடைத்துவிடும். தேங்காயெண்ணெயா நல்லெண்ணெயா என்றும் கேட்கிறார்கள். நல்லெண்ணெயின் நீண்ட கொழுப்பமிலங்கள் நிணநீர் வழியாகச் செல்வதால், கொழுப்பில் மிக எளிதாகக் கரையும் சில மருந்துகளையும் அவ்வழியே இழுத்துச் செல்கின்றன. தேங்காயெண்ணெயில் உள்ள கொழுப்பில் குட்டையானவை அதிகம், அவற்றில் ஒரு பங்கு நேரே ஈரலுக்குப் போகிறது. வீட்டுச் சமையலை மாற்றும் அளவுக்கு இதைப் பெரிதாக எடுக்க வேண்டியதில்லை. குளிசை இறங்கும் வேளையில் கொழுப்பும் வயிற்றில் இருப்பதே முக்கியம்.

இதை எல்லா மருந்துக்கும் பொருத்திவிடக் கூடாது. தைரொயிட் குறைபாட்டுக்கான தைரொக்சின் காலைச் சாப்பாட்டுக்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்னரும், காசநோய்க்கான றிபாம்பிசினும் ஐசோனியசிட்டும் உணவுக்கு ஒரு மணி முன்னரோ இரண்டு மணி பின்னரோ எடுக்க வேண்டியவை. மாற்றிய உறுப்பை உடல் நிராகரிக்காமல் இருக்கக் கொடுக்கும் சைக்கிளோஸ்போரின் எடுப்பவர் உணவோடு என்றால் தினமும் உணவோடு, வெறுவயிறு என்றால் தினமும் வெறுவயிறு என ஒரே முறையைக் காக்க வேண்டும். இடையில் மாற்றினால் இரத்தத்தில் மருந்தின் அளவு ஏறியிறங்கும்.

பித்தப்பைக் கல்லுக்காகவோ கணையக் கோளாறுக்காகவோ கொழுப்பைக் குறைத்தவர்களும், விரதத்துக்குப் பழம் மட்டும் உண்பவர்களும், நோன்பு பிடிப்பவர்களும் வேளையைத் தாமாக மாற்றாமல் வைத்தியரிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டும். மருந்து வாங்கும்போது, ‘இதற்கு எண்ணெய்ச் சாப்பாடு வேணுமா, வெறுவயிறு வேணுமா?’ என்று கேட்டு, பதிலைக் கிளினிக் கொப்பியில் அந்த மருந்தின் பெயருக்குப் பக்கத்திலேயே எழுதுவித்துக்கொள்ளுங்கள்.