கொரியர்களுக்கு 'கிவ் இன்' சொல்லித்தருவது எப்படி?

கொரிய மொழி பேசுபவர்களுக்கு ஆங்கிலம் சொல்லித்தர ஆரம்பித்திருந்தால், 'கிவ் இன்' (give in), அதாவது வற்புறுத்தலுக்கு இணங்கி விட்டுக்கொடுப்பது, என்ற இரண்டு சின்னச் சொற்களில் வகுப்பு என்றாவது ஒருநாள் நின்றுவிடும். நான் ஆன்லைனில் செய்துபார்த்துப் பலன் கிடைத்த முறையைச் சொல்கிறேன்.

முதலில் 'கிவ் அப்'பைப் பிரித்துவிடுங்கள். கொரிய மொழிக்குள்ளேயே 'கிபு-ஒப்' என்று அது புகுந்துவிட்டதால், 'கிவ்' என்றதும் 'போகிஹாதா', அதாவது கைவிடுவது என்றே அவர்கள் நினைப்பார்கள். ஒரே ஒரு கேள்வி போதும்: எதிரே வற்புறுத்துவது யார், எது? சிகரெட்டை விட்டால் 'கிவ் அப்'. வேண்டாம் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, நண்பர் நச்சரித்ததால் ஒன்றைப் பற்றவைத்தால் 'கிவ் இன்'.

அடுத்தது பொருள், இங்கேதான் நிதானம் வேண்டும். அகராதி 'குல்போக்-ஹாதா' என்று காட்டும். மண்டியிடுவது, அடிபணிவது என்கிற அளவுக்குக் கனமான சொல் அது. அதை மட்டும் மனப்பாடம் செய்தவர், பிள்ளையின் பிடிவாதத்துக்கு இறங்கிவந்ததைச் சொல்ல 'கிவ் இன்'னைத் தொடவே மாட்டார். அதனால் நான் 'ஜோஜுதா'விலிருந்து தொடங்குகிறேன். 'ஜுதா' என்றால் கொடு. முழுச் சொல்லுக்கும் தோற்றுக்கொடு என்று பொருள். நம் விட்டுக்கொடு அப்படியே அதன் பக்கத்தில் உட்காருகிறது, ஆங்கிலத்திலும் 'கிவ்' இருக்கிறது, மூன்று மொழிகளிலும் கொடுப்பதுதான்! 'ஜாசிக் இகினுன் புமோ ஒப்தா', பிள்ளையை ஜெயிக்கிற பெற்றோர் இல்லை என்ற அவர்கள் பழமொழியைச் சொல்லிப்பாருங்கள், முகம் மலர்ந்துவிடும். ஆனால் ஜோஜுதாவில் ஜெயிக்க முடிந்தும் அன்பினால் தோற்பது இருக்கிறது, 'கிவ் இன்'னுக்கு அது கட்டாயமில்லை. தாங்க முடியாமல் பணிந்தாலும் 'கிவ் இன்'தான். இதையும் சொல்லிவிடுங்கள்.

அப்புறம் 'டு'. யாருக்கு, எதற்கு என்று சொல்லவேண்டுமானால் 'கிவ் இன் டு'. கொரிய மொழியில் ஆளுக்கு 'எகெ', பொருளுக்கு 'எ' என்ற உருபு உண்டு, நம் 'கு' மாதிரி, அதனால் இது சுலபம். 'கிவ் ஹிம் இன்' என்று நடுவில் ஆளை நுழைக்கக் கூடாது, அவ்வளவுதான்.

உச்சரிப்பு: கொரிய மொழியில் 'வி' ஒலி இல்லை, 'பி' ஆகிவிடும், கூடவே ஓர் உயிரொலியும் ஒட்டிக்கொண்டு 'கி-பு-இன்' என்று மூன்று அசையாக வரும். கேமராவுக்கு அருகே வந்து, மேல்பற்கள் கீழுதட்டை லேசாகத் தொடுவதைக் காட்டி, 'கி-வின்' என்றும், இறந்தகாலமான 'கேவ் இன்'னை 'கே-வின்' என்றும் இரண்டு அசையாகச் சொல்லவையுங்கள்.

ஒரு பொறி பாக்கி இருக்கிறது: 'யாங்போ'. இதற்கும் விட்டுக்கொடுத்தல் என்றுதான் பொருள். பேருந்தில் முதியவருக்கு இடம் தருவதும் யாங்போ, சாலையில் வழிவிடுவதும் யாங்போ, அங்கே தலைகீழ் முக்கோணப் பலகையிலும் அந்தச் சொல்தான் எழுதியிருக்கும். இரண்டிலும் 'கிவ் இன்' வராது. இருக்கையைத் தருவது 'கிவ் அப் யுவர் சீட்', சாலையில் 'யீல்ட்' அல்லது 'கிவ் வே'.

சரி, கடைசியாக, சொந்த வீட்டில் நடந்ததை வைத்து இரண்டு வாக்கியம் கேளுங்கள். புசானிலிருந்து படிக்கிற ஓர் அம்மா போன வாரம் கொஞ்சம் யோசித்து, உதட்டைக் கடித்து 'வி'யைச் சரிசெய்துகொண்டு சொன்னார்: 'மை டாட்டர் வான்டட் எ பப்பி. ஐ கேவ் இன்.'