வளர்ச்சியும் வருமானப் பங்கீடும்: இந்தியப் புள்ளிவிவரங்களை வாசிப்பதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

உலக வங்கி 2025 ஏப்ரலில் இந்தியாவைப் பற்றி வெளியிட்ட சிறு அறிக்கை ஒன்றில், ஒன்றையொன்று மறுப்பதுபோல் தோன்றும் இரண்டு கணக்குகள் இடம்பெற்றிருந்தன. ஏற்றத்தாழ்வை அளக்கும் கினி குறியீடு (0 என்றால் முழுச் சமத்துவம், 100 என்றால் எல்லாம் ஒருவரிடமே) 2011-12இல் 28.8ஆக இருந்து 2022-23இல் 25.5ஆகக் குறைந்தது என்பது ஒன்று. அதே குறியீடு 2004இல் 52ஆக இருந்து 2023இல் 62ஆக உயர்ந்தது என்பது மற்றொன்று. முன்னது குடும்பங்களின் நுகர்வுச் செலவையும் பின்னது வருமானத்தையும் அளந்தவை. அதே ஆண்டு ஜூலையில் வந்த அரசுச் செய்திக்குறிப்பு 25.5 என்ற எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டு, சமத்துவம் மிகுந்த நாடுகளின் வரிசையில் இந்தியா உலகில் நான்காவது என்றது. செலவை அளந்துவிட்டு வருமானத்தைப் பற்றி முடிவு சொல்வதுதான் இத்துறையில் மிகப் பரவலான தவறு. மற்ற தவறுகளில் பலவும் இதிலிருந்தே கிளைக்கின்றன.

மாதம் 20,000 ரூபாய் கூலி வரும் வீட்டை எண்ணிப் பாருங்கள். வாடகை, அரிசி, மருந்து, பிள்ளைகளின் படிப்பு என்று 20,000 ரூபாயும் மாதக் கடைசிக்கு முன்பே கரைந்துவிடும். அதே தெருக்கோடியில் மாதம் 4 லட்சம் வரும் வீட்டில், எவ்வளவு தாராளமாக வாழ்ந்தாலும் ஒரு லட்சத்தோடு செலவு நின்றுவிட, மீதி வைப்புநிதியாகவும் பங்குகளாகவும் மனையாகவும் மாறுகிறது. வருமானத்தில் 20 மடங்காக இருக்கும் இடைவெளி, செலவுக் கணக்கில் 5 மடங்காகச் சுருங்கிவிடுகிறது. பிரேசிலும் அமெரிக்காவும் வருமானத்தைக் கொண்டு கணக்கிடும் குறியீட்டோடு நம் செலவுக் குறியீட்டை ஒப்பிடுவது, ஒருவர் படியால் அளந்ததையும் மற்றவர் மரக்காலால் அளந்ததையும் எண்ணிக்கையை மட்டும் வைத்து ஒப்பிடுவதற்குச் சமம்.

செலவுக் கணக்கை மட்டுமே வைத்துக்கொண்டாலும் 2011-12ஐயும் 2022-23ஐயும் நேராக ஒப்பிட முடியாது. ஒரே வருகையில் எல்லாவற்றையும் கேட்டுவந்த முறை மாறி, பிந்தைய ஆய்வில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் மூன்று முறை சென்று மூன்று வினாப்பட்டியல்களில் விவரம் திரட்டினார்கள். ஆகவே எண்ணில் தெரியும் மாற்றத்தில் வாழ்க்கை மாறியது எவ்வளவு, கேட்கும் முறை மாறியது எவ்வளவு என்று பிரித்தறிவது கடினம். மேலும், கணக்கெடுப்பாளர் ஓட்டுவீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து ஒரு மணிநேரம் பேசிவிடலாம்; காவலர் நிற்கும் அடுக்குமாடிக் குடியிருப்பின் வாயிலைத் தாண்டுவது அவ்வளவு எளிதன்று. இதற்காக 62 என்ற எண்ணைக் கல்லில் பொறித்த உண்மையாகக் கொள்வதும் சரியில்லை. அது வரிக்கணக்கு, ஆய்வுகள், தேசிய வருமானக் கணக்கு மூன்றையும் ஒட்டுப்போட்ட மதிப்பீடு. இந்தியாவில் வருமான வரி செலுத்துவோர் சிறுபான்மையினர் என்பதால் அதில் ஊகத்துக்கு இடமுண்டு.

இன்னொரு தவறு சராசரியைச் சாமானியரின் நிலையாக எடுத்துக்கொள்வது. உலக ஏற்றத்தாழ்வு ஆய்வகத்தின் பொருளியலாளர்கள் 2024இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, 2022-23இல் வயதுவந்த ஒருவரின் சராசரி ஆண்டு வருமானம் சுமார் 2.3 லட்சம் ரூபாய். ஆனால் வரிசையின் சரிநடுவில் நிற்பவருக்குக் கிடைத்ததோ சுமார் 1.05 லட்சம் மட்டுமே. உச்சியிலுள்ள 1 சதவீதத்தினரின் பங்கு 1980களின் தொடக்கத்தில் 6 சதவீத அளவில் இருந்து 22 சதவீதத்துக்கு மேல் சென்றிருப்பதால், தலா வருமானம் உயர்ந்தது என்ற செய்தி பெரும்பாலோரின் சட்டைப்பையைப் பற்றி அதிகம் சொல்வதில்லை.

வறுமை குறைந்தால் ஏற்றத்தாழ்வும் குறைந்தது என்று கொள்வதும் பிழையே. கடும் வறுமை பெருமளவு குறைந்தது மெய்; அடித்தட்டு ஒரு படி ஏறும்போது உச்சி பத்துப் படி ஏறினால் வறுமை குறைவதும் ஏற்றத்தாழ்வு கூடுவதும் ஒருங்கே நிகழும்.

கடைசியாக, படித்தவர்களே அதிகம் செய்யும் தவறு: வளர்ச்சியின் தொடக்கத்தில் ஏற்றத்தாழ்வு கூடி, பிறகு தானாகவே குறையும் என்று பொறுத்திருப்பது. இக்கருத்தை 1955இல் முன்வைத்த அமெரிக்கப் பொருளியலாளர் சைமன் குஸ்நெட்ஸே, தம் கட்டுரையில் தரவு 5 சதவீதமும் ஊகம் 95 சதவீதமும் இருக்கலாம் என்று ஒப்புக்கொண்டவர். நிலச்சீர்திருத்தத்தோடு தொடங்கிய தென்கொரியாவும் தைவானும் அந்த ஏற்றத்தைப் பெரிதாகக் காணாமலே வளர்ந்தன. பிரேசிலில் 1960களில் கூடிய ஏற்றத்தாழ்வு பல பத்தாண்டுகள் இறங்கவில்லை. 2000களில் குறைந்தபட்ச ஊதிய உயர்வு, ஏழைக் குடும்பங்களுக்கான உதவித்தொகை, கல்விப் பரவல் ஆகியவை சேர்ந்த பிறகே இறங்கியது. குஸ்நெட்ஸின் கருத்து, உழவை விட்டுத் தொழிலுக்கு மக்கள் தொடர்ந்து நகர்வார்கள் என்பதை அடிப்படையாகக் கொண்டது. இந்தியாவில் 2018-19இல் 42.5 சதவீதமாக இருந்த வேளாண் தொழிலாளர் பங்கு, கொரோனாக் காலத்தில் ஊர் திரும்பியவர்களையும் சேர்த்துக்கொண்டு, பொருளாதாரம் மீண்ட பிறகும் 2023-24இல் 46.1 சதவீதமாக நின்றது; நாட்டின் மொத்த உற்பத்தியில் அந்தத் துறையின் பங்கு அப்போது ஏறத்தாழ 18 சதவீதம்.