மூன்று அங்குலச் சுவர் விழுங்கிய தண்ணீர்

எங்கள் வீட்டு வட்டச் சிமெண்டுத் தொட்டி 2,000 லிட்டர் தாராளமாகக் கொள்ளும் என்று கணக்குப் போட்டு லாரித் தண்ணீர் வாங்கினேன். நல்ல கோடையில் காசு கொடுத்து வாங்கிய தண்ணீர் வழிந்து வாசலில் ஓடியபோது வயிறு எரிந்தது.

அன்றிரவே கணக்கைத் திரும்பப் பார்த்தேன். வெளியே கயிறு சுற்றி எடுத்த சுற்றளவு 14 அடி 1½ அங்குலம். 3.14 ஆல் வகுத்தால் விட்டம் 4½ அடி. உயரம் 5 அடி. கன அளவு (3.14 × ஆரம் × ஆரம் × உயரம்) 79½ கன அடி; கன அடிக்கு 28.3 லிட்டர் வீதம் 2,250 லிட்டர். சூத்திரம் சரி. அளந்த இடம்தான் தவறு.

காலையில் மூடியை எடுத்துவிட்டு, குறுக்கே மூங்கில் குச்சியை வைத்து, உள்விளிம்பு தொடும் இடத்தில் கரிக்கோடு போட்டேன். உள்விட்டம் சரியாக 4 அடி! சுவர் 3 அங்குலம், இரு புறமும் சேர்ந்து அரை அடி. ஆரத்தை வர்க்கப்படுத்துவதால் அந்த அரை அடியே 470 லிட்டரைத் தின்றுவிடுகிறது. உண்மைக் கொள்ளளவு ஏறத்தாழ 1,780 லிட்டர்.

உள்ளே கசிவுத் தடுப்புப் பூச்சு அடிக்கவும் இதே அளவு உதவியது: வளைபரப்பு 62.8, அடித்தளம் 12.6, ஆக 75.4 சதுர அடி. மேலே மூடிதான் என்பதால் மொத்தப் புறப்பரப்புச் சூத்திரம் இங்கே பொருந்தாது. அதில் இன்னொரு வட்டமும் சேர்ந்துவிடும்.