மரப்பாச்சியை வரையும்போது செய்யக் கூடாதவை

சென்ற வாரம் ஒரு மாணவி தன் சிறுவயது மரப்பாச்சியை ஓவிய வகுப்புக்குக் கொண்டுவந்தாள். "வரையப் போகிறோமே என்று உப்புத்தாளால் தேய்த்து வார்னிஷ் அடித்துவிட்டேன், சார்" என்றாள். எனக்கு வயிறு எரிந்தது. 20 ஆண்டுகளுக்கு முன் நானும் இதையேதான் செய்தேன்.

பொம்மையைப் புதிதாக்காதீர்கள்

என்னிடம் இருந்தது பாட்டியின் கல்யாணச் சீராக வந்த ஜோடியில் பெண் பொம்மை. நவராத்திரிக்குக் கொலுவில் ராணியாக நிற்கும். மற்ற நாளெல்லாம் என் கையில்தான். செம்மரம், எண்ணெய்க் கையும் வியர்வையும் பட்டுப் பட்டுக் கறுத்திருந்தது. மூக்கு மழுங்கியிருந்தது. துணி சுற்றிய இடுப்பில் மட்டும் பழைய சிவப்பு தெரியும். வலது தோளில் என் பால்பற்கள் பதித்த நான்கு குழிகள்.

ஒரு சிறுவர் புத்தக அட்டைக்காக அதை வரைய உட்கார்ந்தவன், முதலில் தேய்க்க ஆரம்பித்தேன். ஒரு மணி நேரத்தில் அது கடையில் அன்றைக்கு வாங்கிய பொம்மையாகிவிட்டது. படமும் அப்படியே வந்தது. "இதோடு யாரும் விளையாடியதாகத் தெரியவில்லையே" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அந்த வேலை கைவிட்டுப் போனதைக்கூட மறந்துவிட்டேன். நான்கு குழிகளை என் கையாலேயே அழித்தது இன்னும் ஆறவில்லை.

தூசி தட்ட உலர்ந்த தூரிகை போதும். பிறகு கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவுங்கள். குழந்தை பிடித்த இடம் வழவழப்பாக இருக்கும். கை படாத மடிப்புகளில் உளித்தடம் இன்னும் இருக்கும். விளக்கைப் பக்கவாட்டில் வையுங்கள், சின்னப் பள்ளம்கூட நிழல் காட்டும். வரைய வேண்டியது அதைத்தான்.

மாணவியின் பொம்மையில் அடிப்பாகத்துக்கு மட்டும் உப்புத்தாள் போகவில்லை. தரையில் நிறுத்தி நிறுத்தி ஒரு விளிம்பு சாய்வாகத் தேய்ந்திருந்தது. அதைப் படுக்கவைத்து, பாதத்திலிருந்து வரையச் சொன்னேன்.

கைகளைப் பிரிக்காதீர்கள்

ஒரே கட்டையில் செதுக்கியது என்பதால் கைகள் உடம்போடு ஒட்டியே இருக்கும். நடுவில் வெளிச்சம் விட்டால் மரம் பிளாஸ்டிக் ஆகிவிடும்.

கறுப்பு வண்ணம்

வேண்டாம். பர்ன்ட் சியன்னா என்னும் செம்பழுப்பு வண்ணத்தில் அல்ட்ராமரைன் நீலத்தைக் கலந்தால் செம்மை உள்ளே தங்கிய கருமை கிடைக்கும்.

சிரிப்பு

ஆசாரி செதுக்காத சிரிப்பை நீங்கள் வரையாதீர்கள்.