ரீஃபண்டை நிறுத்திய இனிஷியல் – என் அனுபவம்

மணலியில் முதல் வேலை. சம்பளத்தில் கூடுதலாகப் பிடித்த டிடிஎஸ் (முன்கூட்டியே பிடிக்கும் வருமான வரி) திரும்ப வர வருமான வரி ரிட்டர்ன் போட்டு, ஆதார் ஓடிபியில் இ-வெரிஃபையும் (ஆன்லைனில் உறுதி செய்வது) முடித்தேன். ஆனால் வருமான வரி போர்ட்டலில் ‘ரீஃபண்ட் ஃபெயில்டு’ என்றே வந்தது.

ஃபார்ம் 16-ஐயும் (கம்பெனி தரும் டிடிஎஸ் சான்று) 26ஏஎஸ்-ஐயும் (வரித்துறையிடம் உள்ள டிடிஎஸ் கணக்கு) ஒப்பிட்டேன், தொகை சரி. அக்கவுண்ட் நம்பர், ஐஎஃப்எஸ்சி, பான்-ஆதார் இணைப்பு எல்லாமே சரி. தண்டையார்பேட்டையில் தெரிந்த ஆடிட்டர் அண்ணன்தான், “பேங்க் அக்கவுண்ட் வேலிடேட் ஆயிருக்கா பாருப்பா” என்றார். ஆகவில்லை, அதாவது அந்த அக்கவுண்ட் என்னுடையதுதான் என்று போர்ட்டலில் உறுதியாகவில்லை. பாஸ்புக்கில் என் பெயருக்கு முன்னால் வெறும் ‘எம்’. பான் கார்டில் அந்த ‘எம்’ விரிந்து அப்பா பெயர் முழுசாக இருந்தது. இரண்டும் பொருந்தாததுதான் சிக்கல். நம்ம பக்கம் நிறைய பேருக்கு இப்படித்தான் இருக்கும், எடுத்துப் பாருங்க.

பேங்கில் பான் நகல் கொடுத்து பெயரை மாற்றினேன். பிறகு போர்ட்டலில் ‘மை பேங்க் அக்கவுண்ட்’ போய் ரீவேலிடேட். அது முடிந்ததும் ‘ரீஃபண்ட் ரீஇஷ்யூ’ (பணத்தை மறுபடி அனுப்பச் சொல்லும்) கோரிக்கை. பணம் வந்துவிட்டது, அப்பாடா! அந்தக் கோரிக்கையையும் தனியாக இ-வெரிஃபை செய்யணும். விட்டால் அப்படியே கிடக்கும்.